மில் லாக்ஸ் ஏரியில் வால்ஐ மீன் குறைந்தது எதனால்?

கரைத்தூண்டில் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குக் குடிவந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. வந்த மறு ஆண்டே, மே மாதத்தில், உடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் தம் படகில் என்னை மில் லாக்ஸ் ஏரிக்கு அழைத்துச் சென்றார். கேரிசன் ஊருக்கு எதிரே ஒரு சரளைத் திட்டின் மேல் நங்கூரம் போட்டு, நழுவு தக்கையின் கீழே உயிர் அட்டையைக் கோத்து இறக்கினோம். பொழுது சாய்ந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். தக்கை ஓரமாக நகர்ந்து, நின்று, பின் அமிழ்ந்தது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் அந்த வால்ஐ மீனின் கண் பாலாடை படிந்ததுபோல் ஒளிர்ந்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து ஓர் ஆண்டுகூடத் தவறாமல் அந்த ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் கவலை இதுதான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு மாலைப் பொழுதுக்குள் ஏழெட்டு மீன்கள் கடித்த அதே திட்டில், பிறகு இரண்டு நாள் கிடந்தும் ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்துக்கு ஏரிக்கரையில் ஒரு மரவீட்டை முன்பதிவு செய்து குடும்பத்துடன் போனேன். ஆகஸ்டு 3-ஆம் தேதியோடு வால்ஐ பிடிப்பதை மாநில அரசு நிறுத்திவிட்டது. வீட்டுக்காரர் எங்களிடம் பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டுக் கோடையில் ஒரு மீனைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். உயிர் இரையே கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் மீன் பிடிக்கக் கூடாது என்றும் விதி வந்தது. நெடுநாள் கழித்து, 2025 கோடையில்தான் நாளொன்றுக்கு மூன்று மீன் என்று தளர்த்தினார்கள்.

படகுத்துறையில் பேச்சுக் கொடுத்தால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பழங்குடியினர் வசந்த காலத்தில் போடும் வலைதான் காரணம் என்கிறார் ஒருவர். அளவு வரம்பு விதிகளே மீனை அழித்தன என்கிறார் இன்னொருவர். சிப்பிகள் வந்ததால் ஏரி கெட்டது என்று மூன்றாமவர். இவற்றில் எது உண்மை? மூன்று மீன் அனுமதி கிடைத்துவிட்டதால் ஏரி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நம்பலாமா? என் மகனுக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது. அவன் தன் பிள்ளையை அழைத்து வரும்போதும் அங்கே வால்ஐ இருக்குமா என்பதுதான் நான் கேட்க விரும்புவது. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வடகரைப் படகு எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் 1996-லிருந்து அந்த ஏரியில் படகு விடுகிறேன். நடு ஏரியில், சுற்றிலும் ஆழமான நீர் சூழ மேடாக எழுந்து நிற்கும் சேற்றுத் திட்டுகளின் விளிம்பில், ஈயக் குண்டுக்குப் பின்னால் ஓர் அட்டையை மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் ஜூன் மாதம் முழுவதும் கை ஓயாது. ஒரு பெரிய வாடகைப் படகில் முப்பது பேர் வரிசையாக நின்று தூண்டில் போடுவார்கள். கரை திரும்பும்போது அத்தனை பேர் கையிலும் மீன் இருக்கும். அப்படிப்பட்ட படகுகள் பல இன்று கரையேறிக் கிடக்கின்றன.

மறைக்காமல் சொல்கிறேன், வலைமீது எனக்கு மனக்குறை உண்டு. இங்குள்ள பழங்குடியினரான ஒஜிப்வே மக்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசுக்கு நிலத்தைக் கொடுத்தபோது வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை இன்றும் செல்லும் என்று 1999 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மதிக்கிறேன். ஆனால் பனி உருகியதும் முட்டையிடக் கரைக்கு வரும் மீனைச் செவுள்வலை போட்டு எடுத்தால் ஏரி எப்படித் தாங்கும் என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தீர்ப்பு வந்த காலமும் மீன் குறையத் தொடங்கிய காலமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன.

அளவு விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலகட்டத்தில் பதினெட்டு அங்குலத்துக்கும் இருபது அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கான தூண்டில்காரர்கள் அந்த இரண்டு அங்குலத்துக்குள் விழுந்த மீன்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அந்த வயது மீன்கள் என்ன ஆகும்? நான் படித்தவன் அல்லன். ஏரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.


நன்னீர்மகள் எழுதியது:

இருவருக்கும் வணக்கம். மீன்வளம் படித்து, இப்போது ஏரிகளின் நீர்த்தரம் தொடர்பான பணியில் இருக்கிறேன். வடகரைப் படகு ஐயா கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலை பற்றிய முடிவில் அவரோடு உடன்பட இயலவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மில் லாக்ஸ் ஏறத்தாழ 1,32,000 ஏக்கர் பரப்புள்ளது. இவ்வளவு பெரிய ஏரியில் மிக ஆழமான இடமே 42 அடிதான். கோடையில் காற்று அடித்தால் மேலும் கீழும் கலந்து நீர் முழுவதும் சூடாகிவிடும். குளிர்ந்த நீர் தேடும் மீனுக்கு ஒதுங்க இடமில்லாத, அகன்று ஆழம் குறைந்த தட்டு போன்ற ஏரி அது. பின்னால் சொல்லப்போகும் பலவற்றுக்கு இந்த அமைப்பே அடிப்படை.

முதலில் வலை. ஒவ்வோர் ஆண்டும் ஏரியிலிருந்து எத்தனை பவுண்டு வால்ஐ எடுத்தால் பாதகமில்லை என்று மாநிலமும் ஒப்பந்தத்துக்கு உரிய எட்டு ஒஜிப்வே குழுக்களும் சேர்ந்து ஒரு மொத்த அளவை வகுத்து, அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. 2013-இல் மொத்தம் 2,50,000 பவுண்டு. அதில் குழுக்களின் பங்கு 71,250, தூண்டில்காரர்களின் பங்கு 1,78,750. 2014-இல் மொத்தமே 60,000 ஆயிற்று. 2015-இல் 40,000, தூண்டில்காரர்களுக்கு 28,600, குழுக்களுக்கு 11,400. பெரும்பங்கு எப்போதும் தூண்டில் பக்கமே இருந்திருக்கிறது. மொத்த அளவு சுருங்கியபோது இரு பங்குகளும் சேர்ந்தே சுருங்கின.

இதைவிட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. வசந்த கால வலைதான் இனப்பெருக்கத்தைக் கெடுத்தது என்றால், ஏரியில் குஞ்சுகள் குறைவாகப் பிறந்திருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறானது. முட்டையிடும் தாய்மீன்களுக்குப் பஞ்சம் இல்லை. குஞ்சுகள் ஏராளமாகப் பொரித்தன. முதல் இலையுதிர் காலத்தில் எடுத்த கணக்கெடுப்புகளிலும் விரலிகள் (விரல் நீள இளம் மீன்கள்) நிறையவே இருந்தன. ஆனால் இரண்டாம், மூன்றாம் இலையுதிர் காலத்துக்குள் அந்தக் கூட்டம் கரைந்துபோயிற்று. 2008-இல் பிறந்த மீன்கள் நன்றாகத் தேறின. அதற்குப் பின் பல ஆண்டுகள் பிறந்தவை தேறவில்லை. 2014-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பால் வென்டுரெல்லி தலைமையில் வெளி அறிஞர்கள் குழு ஒன்று இந்த ஏரியின் தரவுகளை ஆராய்ந்தது. தொட்டிலில் குறையில்லை, வளரும் பருவத்தில்தான் இழப்பு என்பதே அக்குழுவின் முடிவின் சாரம். வலையை மட்டும் குற்றம் சொல்ல அவர்கள் ஆதாரம் காணவில்லை.

அப்படியானால் வளரும் பருவத்தில் என்ன நேர்கிறது? இங்கே நீரின் தெளிவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கரைத்தூண்டில் அவர்கள் தலைவிளக்கில் பார்த்த அந்தப் பால்நிறக் கண்ணில்தான் விடை இருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் வால்ஐக்கு மங்கிய ஒளியிலும் கலங்கிய நீரிலும் பார்வை கூர்மையாக இருக்கிறது. பெர்ச் போன்ற இரைமீன்கள் தடுமாறும் வேளையில் அது வேட்டையாடுகிறது. கலங்கல்தான் அதன் ஆயுதம், இளம் மீனுக்கு அதுவே மறைவிடமும் ஆகும். 1980-களின் நடுவிலிருந்து மில் லாக்ஸ் நீர் தெளிந்துகொண்டே வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகு கரையோர வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகள் சீராக்கப்பட்டு, ஏரிக்குள் இறங்கிய ஊட்டச்சத்துக் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். மனிதர்கள் செய்த நல்ல காரியமே அது. அதைத் திருப்பிச் செய்யும்படி யாரும் கேட்க முடியாது.

தெளிந்துகொண்டிருந்த அந்த நீரில் 2005-இல் ஸீப்ரா மட்டி என்ற வேற்றூர்ச் சிப்பி காணப்பட்டது. கட்டைவிரல் நகத்தளவு உள்ள ஒரு மட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வடிகட்டும். 2012 வாக்கில் ஏரித்தரையின் கற்கள் தெரியாத அளவுக்கு அவை அப்பிக்கிடந்தன. நீரில் மிதக்கும் பாசியை அவை தின்றுவிட்டால், பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளு போன்ற மிகச் சிறு உயிரிகளுக்கு உணவில்லை. அவற்றைத் தின்னும் மீன்குஞ்சுக்கும் உணவில்லை. 2009-இல் முள் நீர்த்தெள்ளு என்ற இன்னொரு வேற்றூர் உயிரி வந்தது. தூண்டில் கயிற்றில் ஈரப் பஞ்சு உருண்டைபோல் திரண்டு, கழியின் கடைசி வளையத்தில் அடைத்துக்கொள்ளுமே, அதுதான். மீன்குஞ்சு உண்ண வேண்டிய நீர்த்தெள்ளுகளை இது தின்கிறது. இதைத் தின்ன முயலும் குஞ்சின் தொண்டையில் இதன் நீண்ட வால்முள் குத்தி நிற்கிறது.

தெளிந்த நீரில் களைகள் ஆழமான இடங்களிலும் வேர்விட்டன. கண்ணால் பார்த்து வேட்டையாடும் ஸ்மால்மவுத் பாஸும் நார்த்தர்ன் பைக்கும் பெருகின. கொழுப்பு மிகுந்த நல்ல இரையான டல்லிபீ குளிர்நீர் மீன்; சூடான கோடைகளில் அது கூட்டமாகச் செத்து ஒதுங்கியது. பெர்ச்சும் குறைந்தது. இரை குறைந்தபோது பெரிய வால்ஐ மீன்கள் தம் இனத்தின் இளம் மீன்களையே தின்றன. இதில் வடகரைப் படகு ஐயா சொன்ன அளவு விதிக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறுகிய வரம்புக்குள் பிடிப்பு முழுவதும் குவிந்தது. வரம்புக்கு மேற்பட்ட பெரிய மீன்கள் பாதுகாக்கப்பட்டு, சிறியவற்றைத் தின்னும் வாய்கள் பெருகின. பிறகு அந்த விதி மாற்றப்பட்டது. பைக், பாஸ் பிடிப்பு விதிகளும் தளர்த்தப்பட்டன.

கிரெட்சன் ஹேன்சனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறது. வெப்பமும் ஒளியும் வால்ஐக்கு இதமாக இருக்கும் நீரின் பரப்பு எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நீர் தெளியத் தெளிய அந்தப் பரப்பு சுருங்கிற்று. அதனுடன் பாதகமின்றி எடுக்கக்கூடிய மீனின் அளவும் சுருங்கிற்று. நாம் அதை உணர்ந்து பிடிப்பைக் குறைப்பதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஆகவே மூன்று மீன் அனுமதியை ஏரி பழையபடி ஆகிவிட்டது என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013-இல் பிறந்த மீன்களைக் கடுமையான விதிகளால் காத்து முட்டையிடும் வயதுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பொறுமையின் பலனை இப்போது கொஞ்சம் பார்க்கிறோம். ஏரி இப்போது தாங்கக்கூடிய வால்ஐ மீனின் அளவே முன்பைவிடக் குறைவு. அந்த அளவுக்குள் வால்ஐ நீடித்து வாழ முடியும் என்றே நினைக்கிறேன். உங்கள் பேரப்பிள்ளைக்கு மீன் இருக்கும். 1990-களின் கூடை இருக்காது.


பனிக்குடில் எழுதியது:

நான் குளிர்காலத்தில் மட்டும் போகிறவன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஏரி உறைந்ததும் பனியின் மேல் சாலை உழுது, ஆயிரக்கணக்கான குடில்களை நிறுத்தி, ஒரு புது ஊரே எழும். 2015-க்குப் பிந்தைய குளிர்காலங்களில் நான் வழக்கமாகக் குடில் வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தார் உழவு வண்டியின் எரிபொருளுக்கே வருமானம் போதவில்லை என்றார்கள். மூத்த மகன் வேலை தேடி மினியாபொலிஸ் போய்விட்டான். மீன் குறைந்ததைப் பேசும்போது ஐல், ஒனேமியா, வாக்கான் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் கடை வைத்திருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ் பிடிக்க வருகிறவர்கள் கோடையில் கைகொடுக்கிறார்கள். 2017-இல் நாட்டின் முதன்மையான பாஸ் ஏரி என்று பாஸ்மாஸ்டர் இதழ் இந்த ஏரியைப் பட்டியலின் உச்சியில் வைத்தது. ஆனால் வறுத்துச் சாப்பிட வால்ஐ தேடி வந்த குடும்பங்களின் கூட்டம் வேறு. அந்தக் கூட்டம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.


கரைத்தூண்டில் எழுதியது:

சகோதரி, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. வலைக்காரர்கள்மீது நானும் உள்ளுக்குள் கொஞ்சம் கசப்பு வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குஞ்சுகள் குறையவில்லை என்ற ஒரு செய்தியே அந்தக் கசப்பைக் கரைத்துவிட்டது.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. ரெட் லேக் ஏரியிலும் ஒரு காலத்தில் வால்ஐ அழிந்துபோய், குஞ்சு விட்டு மீட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையே இங்கேயும் செய்தால் என்ன? அடுத்தது என் சொந்த நடத்தை பற்றியது. பிடித்து விடும் காலத்தில் மகனும் நானும் ஜூலை மாதம் முழுக்க வாரந்தோறும் போய், பிடித்ததையெல்லாம் நீரில் விட்டோம். ஒரு நாள் பத்தொன்பது அங்குல மீன் ஒன்று கையை விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. மகன் அதை நெடுநேரம் நீரில் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தான். கடைசியில் அது ஆழத்துக்குள் இறங்கியது. பிழைத்ததா என்று வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. எதையும் எடுக்காமல் விட்டுவிட்டால் ஏரிக்குத் தீங்கில்லை என்றுதானே நினைத்திருந்தேன்?


நன்னீர்மகள் எழுதியது:

ரெட் லேக் கதை மகிழ்ச்சியான கதைதான், ஆனால் அங்கே நோய் வேறு. அங்கே பல்லாண்டு வணிக மீன்பிடியும் விதிமீறிய பிடிப்பும் சேர்ந்து தாய்மீன்களையே துடைத்துவிட்டன. முட்டையிட ஆளில்லை. ரெட் லேக் ஒஜிப்வே மக்கள் 1997-இல் தாமாகவே வணிகப் பிடிப்பை நிறுத்திக்கொண்டார்கள். 1999-இல் மாநிலமும் அவர்களும் சேர்ந்து ஏரி முழுவதிலும் வால்ஐ பிடிப்புக்குத் தடை போட்டு, அந்த ஆண்டும் 2001-லும் 2003-லும் கோடிக்கணக்கில் குஞ்சுகளை விட்டார்கள். உணவும் இடமும் அப்படியே இருந்ததால் குஞ்சுகள் தேறின. 2006-இல் ஏரியை மீண்டும் திறந்தார்கள். வலை போடும் மக்களே வலையைச் சுருட்டி வைத்து ஒரு ஏரியை மீட்டார்கள் என்பதை மில் லாக்ஸ் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடக் கூடாது. மில் லாக்ஸில் குஞ்சுக்குக் குறையில்லை, அது வளர்வதற்கான இடமும் இரையும்தான் குறைவு. இன்னும் கொஞ்சம் குஞ்சைக் கொட்டினால் தின்னும் வாய்களுக்குத் தீனி போட்டதாகவே முடியும்.

உங்கள் இரண்டாம் கேள்வி கடினமானது. தூண்டில் பட்டு விடப்பட்ட மீன்களில் எத்தனை சாகின்றன என்பதை மில் லாக்ஸிலேயே ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். பிடித்த மீன்களைக் கூண்டில் இட்டுச் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். மே மாதக் குளிர்நீரில் ஏறத்தாழ எல்லாமே பிழைத்தன. ஜூலை, ஆகஸ்டு மாதச் சூட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு வரை செத்தன. முள்ளை ஆழமாக விழுங்கிய மீன்களில் சாவு இன்னும் அதிகம். இப்படிச் சாகும் மீனையும் மாநிலத்தின் பங்கில்தான் கழிக்கிறார்கள். தூண்டில்காரர் எவரும் ஒரு மீனையும் வீட்டுக்கு எடுத்துப் போகாத 2017 கோடையிலும், ஜூலை 7 முதல் சில வாரங்கள் வால்ஐ பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது இதனால்தான். உயிர் அட்டையை மீன் தொண்டை வரை விழுங்கிவிடும் என்பதால்தான் 2016-இல் உயிர் இரையை விலக்கினார்கள்.

உங்கள் மகன் அந்த மீனைக் கையில் ஏந்தி நின்றது சரியான செயல். அது பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கொதிக்கும் ஜூலையில் ஒரு நாளைக்கு இருபது மீனைப் பிடித்து விடுபவர், மே மாதத்தில் இரண்டு மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்பவரைவிட ஏரிக்குக் கூடுதல் இழப்பை உண்டாக்கக்கூடும். விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் நீரின் வெப்பத்தையும் பாருங்கள். எழுபது பாரன்ஹீட்டை நெருங்கிவிட்டால் வால்ஐயை விட்டுவிட்டு ஸ்மால்மவுத் பக்கம் போங்கள். அட்டைக்குப் பதில் ஒற்றை முள் ஜிக் (ஈயத்தலை கொண்ட செயற்கை இரை) கட்டுங்கள். மீன் விழுங்கிவிட்டால் முள்ளைப் பிடுங்க முயலாமல் கயிற்றை வெட்டி விடுங்கள். படமெடுப்பதற்காக நீருக்கு வெளியே நிறுத்தி வைக்காதீர்கள்.


வடகரைப் படகு எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். குஞ்சுகள் பிறந்தும் தேறவில்லை என்ற செய்தியை இதற்கு முன் எவரும் எனக்கு இப்படி விளக்கவில்லை. முட்டையிட வரும் மீனை வலையில் பார்க்கும்போது ஏற்படும் உறுத்தல் ஒரே நாளில் போய்விடாது. ஆனால் ஏரி கெட்டதற்கு அவர்களைக் கை காட்டிப் படகுத்துறையில் பேசுவதை இனி நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் பங்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எங்கள் கையில் இருந்திருக்கிறது என்ற கணக்கை நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததே இல்லை.

தெளிவு பற்றி நீங்கள் சொன்னதை என் கண்ணும் ஒப்புகிறது. நான் படகு வாங்கிய புதிதில் ஆறேழு அடிக்குக் கீழே நங்கூரக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. இப்போது காற்றில்லாத காலையில் பதினைந்து அடி ஆழத்தில் கல்லோடு ஒட்டிய மட்டிகளை எண்ணலாம். அந்த அழகைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன், அதுதான் மீனை விரட்டியது என்று தெரியாமல். மீன் இல்லை என்று நாங்கள் பகலில் தேடிய இடமெல்லாம் வெளிச்சம் மிகுந்த இடம். கடந்த இரண்டு ஆண்டுகளாக அலை அடிக்கும் நாளிலும், பொழுது விடியும் முன்பும்தான் எனக்குக் கடித்திருக்கிறது.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏரியை விட்டு வெளியேறும்போது படகின் வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிச் செல்வது இங்கே சட்டம்; எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் இரைவாளியில் தேங்கிய நீரையும், நங்கூரக் கயிற்றில் ஒட்டிய பஞ்சையும் பலர் பார்ப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் பார்க்கவில்லை. மட்டியும் தெள்ளும் நம்மைப் போன்றவர்களின் படகில் ஏறித்தான் ஏரிக்கு ஏரி போகின்றன. மில் லாக்ஸில் முடிந்தது முடிந்துவிட்டது. நீங்கள் மறுவாரம் போகும் சின்ன ஏரிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். கயிற்றைத் துடைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரியில் இறக்குங்கள்.


கரைத்தூண்டில் எழுதியது:

அண்ணா, சகோதரி, பனிக்குடில் நண்பர், மூவருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த மறுமொழிகளை மகனுக்குப் படித்துக் காட்டினேன். நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னான். அந்த ஜூலையில் நாங்கள் மொத்தம் எத்தனை மீன் பிடித்தோம் என்று அவன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான். எடுத்துப் பார்த்தால் நாற்பத்தொன்று. ஐந்து செத்திருக்கும் என்று அவனே கணக்கிட்டுச் சொன்னான்.

இந்த ஆண்டு ஜூலைப் பயணத்தை விலக்கிவிட்டு, மே மாதம் பருவம் திறந்த இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் கடைசியிலும் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். நீரில் இறக்கிப் பார்க்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கிவிட்டோம். ஆகஸ்டில் பணம் திருப்பித் தர முன்வந்த அதே வீட்டுக்காரரிடம்தான் இரண்டு வாரங்களுக்கும் முன்பதிவு செய்தேன். இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார். வடகரைப் படகு அண்ணா அந்த நாள்களில் ஏரியில் இருப்பதாக இருந்தால், விடியும் முன் எந்தத் திட்டில் நங்கூரம் போடுவது என்று தனி மடலில் சொல்ல வேண்டுகிறேன்.